பீடிக்கடைத் தராசும் அம்மாவின் பாஸ்புக்கும்

போன வாரம் எங்கள் இ-சேவை மையத்துக்கு ஒரு அம்மா வந்தார்கள். அறுபத்தொரு வயது. மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பி.எஃப். காகிதங்கள், எல்லாவற்றிலும் பீடித்தூள் வாசம். இருபத்தாறு வருஷம் பீடி சுற்றியிருக்கிறார்கள். பென்ஷன் மனு திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே ஒரு எழுத்து. கம்பெனிக் கணக்கில் லட்சுமி, ஆதாரில் லெட்சுமி.

"எம் பேரு எனக்குத் தெரியாதா பிள்ள? இதுல அவங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறுவதற்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சங்கம், போராட்டம் என்றாலே கூலி உயர்வு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கூலி முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆலங்குளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் 1998-ல் பெண்கள் சேர்ந்து நின்றபோது கூலி ஒரு பைசாகூட ஏறவில்லை, அப்படியிருந்தும் எங்கள் தெருவின் தலையெழுத்தே மாறியது என்றால் அதற்குக் காரணம் அந்தப் பெண்களின் பெயர் ஒரு கணக்கில் ஏறியதுதான். அதைத்தான் எழுத வந்தேன். இன்றைக்கு வீட்டிலிருந்து துண்டு வேலை செய்கிறவர்கள், ஏஜெண்டு மூலமாக வேலை வாங்குகிறவர்கள் யாருக்காவது உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பீடி சுற்றுவதைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் பீடிக்கடையில், அதாவது கம்பெனிக்காக ஏஜெண்டு நடத்துகிற கடையில், இலையும் தூளும் வாங்கி வருவார்கள். இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் காலையில் பதமாக இருக்கும். தகடு வைத்து அளவாக வெட்டி, மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகைத் தூள் போட்டு, உருட்டி, நூல் கட்டி, முனையை மடிக்க வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கை வேகமான பெண்ணுக்குக்கூட, சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இடையில் ஆயிரம் முடிக்க முழு நாள் ஆகிவிடும். ஒன்பது வயதில் நான் முனை மடிக்கப் பழகிவிட்டேன். பள்ளிக்கூடம் போகுமுன் எட்டுக் கட்டு, வந்தபிறகு எட்டுக் கட்டு. திருநெல்வேலி வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், திண்ணையில் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

எங்கள் கடையில் ஆயிரம் பீடிக்கு எழுநூறு கிராம் இலை என்பது கணக்கு. தராசு மேஜைக்கு அந்தப் பக்கம், கடையை நடத்துகிற அண்ணாச்சியைப் பார்த்து இருக்கும். இலைக்கட்டைத் தட்டில் வைப்பார், முள் நிற்பதற்குள் எடுத்து நீட்டிவிடுவார். அதில் ஓட்டை இலை, காய்ந்த இலை வேறு கலந்திருக்கும். இலை குறைந்துபோனாலும் நாம் ஆயிரம் பீடி கொடுத்தே ஆக வேண்டும். அதனால் பெண்கள் கையிலிருந்து காசு போட்டு வெளியில் இலை வாங்கினார்கள். கூலிக்கு வேலை பார்க்கிறவள் தன் கூலியில் மூலப்பொருள் வாங்கிப் போட்டாள்! அதுபோக, சுற்றிக் கொண்டுபோன பீடியில் சரியில்லை என்று கழித்துவிடுவார். கழித்த பீடிக்குக் காசு கிடையாது, பீடியும் திரும்பி வராது.

மூன்றாவது விஷயம்தான் பெரியது, ஆனால் அதை அன்றைக்கு யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாட்டியின் பாஸில்தான், அதாவது பாட்டி பெயரில் கம்பெனி கொடுத்த கணக்குப் புத்தகத்தில்தான், பீடி போட்டாள். பதினாறு வருஷம். சுற்றியது அம்மா, பெயர் பாட்டிக்கு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான். புதிதாகப் பாஸ் கேட்டால், "இப்ப போடுறது இல்ல, பெறவு பாப்போம்" என்பதே எப்போதும் பதில். பாஸ் இல்லை என்றால் பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது, லீவுச் சம்பளம் கிடையாது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்தப் பெண் பீடித் தொழிலாளியே கிடையாது.

மேலத்தெருவில் ஒரு சித்தி இருந்தார்கள். சொந்தச் சித்தி இல்லை, ஊர் முறைக்குச் சித்தி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது எல்லோரும் இலை குறைகிறது என்று புலம்பிக்கொண்டிருக்க, சித்தி கேட்டார்கள்: "எத்தன கிராம் குறையுது?" யாருக்கும் தெரியவில்லை. "நாம வாயால சொன்னா அது புலம்பல். எழுதி வச்சா கணக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பீடிக்கடையிலிருந்து திரும்பும் வழியில் இருந்த பலசரக்குக் கடையில் இலைக்கட்டை நிறுத்துப் பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். கடைக்காரர் முதலில் யோசித்தார், அவருக்கும் பீடிக்கடை அண்ணாச்சியைப் பகைத்துக்கொள்ள மனசில்லை. ஆனால் அவரிடம் கடன் சொல்லிச் சாமான் வாங்குகிறவர்கள் எல்லாம் இந்தப் பெண்கள்தானே, அப்புறம் சரி என்றுவிட்டார். எழுதுகிற வேலை எனக்கு. அப்போது ஒன்பதாம் வகுப்பு. கோடு போடாத கணக்கு நோட்டில் தேதி, பெயர், வாங்கிய இலை எவ்வளவு, கழித்த பீடி எத்தனை, வெளியில் இலை வாங்கிய காசு எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதினேன். மூன்று வாரம், இருபத்து மூன்று பெண்கள். ஒருவருக்குக்கூட எழுநூறு வரவில்லை. அறுநூற்று இருபது, அறுநூற்று நாற்பது, ஒரு நாள் ஒருவருக்கு அறுநூற்றுப் பத்து.

நோட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் முதல் தப்பு நடந்தது. நாலு பேர் மட்டும் நேராகக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த நாலு பேரில் கீழத்தெருவைச் சேர்ந்த, புருஷன் இல்லாத ஒரு அக்காவை மட்டும் நிறுத்தி, "ஒனக்கு இனிமே இங்க இலை கிடையாது" என்று சொல்லிவிட்டார். பாஸ்புக்கையும் வாங்கி வைத்துக்கொண்டார். மற்ற மூன்று பேருக்கும் வழக்கம்போல் இலை கொடுத்தார்.

பத்து நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நாளும் எங்கள் அம்மாவும் வரிசையில் நின்று இலை வாங்கினாள். அந்த அக்கா வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். "அவ வாசல்ல உக்காந்திருப்பா, நான் தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்துருவேன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுவாள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், பொதுவாக எல்லா இடத்திலும் முதல் அடி இப்படித்தான் விழும். ஆளில்லாத, கேட்க நாதியில்லாத ஒருத்தரைத்தான் தேர்ந்தெடுத்து அடிப்பார்கள். ஆகவே பேசப் போகும் முன்பே, நம்மில் ஒருவருக்கு வேலை போனால் மற்றவர்கள் என்ன செய்வது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். போன பிறகு யோசித்தால் பயம் முந்திக்கொள்ளும்.

சித்திதான் கீழத்தெருவுக்குப் போனார்கள். எழுதும்போது இது சாதாரணமாகத் தெரியும். மேலத்தெரு, கீழத்தெரு என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பீடிக்கடையில் வரிசை ஒன்றுதான், ஆனால் நிற்பதில் ஒரு இடைவெளி இருக்கும். அண்ணாச்சியின் பலமே அந்த இடைவெளியில்தான் இருந்தது. சித்தி அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நாங்க செஞ்சது தப்பு. ஒனக்கு இலை குடுக்குற வரைக்கும் யாரும் இலை வாங்கப் போறதில்ல" என்று சொன்னார்கள். இரண்டு மூன்று நாள் வீடு வீடாகப் பேசி அறுபத்தொரு பெண்களைச் சேர்த்தார்கள். வேலைநிறுத்தம் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. 'இலை வாங்குறதில்ல', அவ்வளவுதான்.

கோரிக்கை எழுத உட்கார்ந்தபோது எட்டு ஒன்பது வந்தது. கூலியை உயர்த்து, பழைய நஷ்டத்தைக் கொடு, நல்ல இலை கொடு என்று ஆளுக்கு ஒன்று. ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு சங்கத் தோழர்தான் அதைச் சரிசெய்தார். கூலி என்பது கம்பெனிகளும் சங்கங்களும் பெரிய அளவில் பேசி முடிக்கிற விஷயம், அதை இந்த அண்ணாச்சியிடம் கேட்டால் "எங்கையில இல்ல" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுவார், அவர் கையில் இருப்பதை மட்டும் கேளுங்கள் என்றார். கடைசியில் நாலு நின்றது. அந்த அக்காவுக்குத் திரும்ப இலை. தராசு எங்களைப் பார்த்து இருக்க வேண்டும். கழிக்கிற பீடியை எங்கள் கண் முன்னால் எண்ணிக் கழிக்க வேண்டும். பாஸ் இல்லாத எல்லோருக்கும் அவரவர் பெயரில் பாஸ். தோழர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். தொழிலாளர் துறைக்கு எழுதும் மனுவை இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிவிட வேண்டும். அந்த முத்திரை விழுந்த காகிதம் கைக்கு வந்ததும் பெண்களுக்கு வந்த தைரியத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆறு நாள். முதல் இரண்டு நாள் திருவிழா மாதிரி இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், வருஷக்கணக்காகக் குனிந்தே இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அடுப்பு பேச ஆரம்பித்தது. சனிக்கிழமைக் கூலி வராது என்பது உறைத்தது. சில வீடுகளில் ஆண்கள் கத்தினார்கள். சித்தி ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு பலசரக்குக் கடைக்குப் போய், எல்லோருக்கும் ஒரு வாரம் கடன் கொடுக்க வேண்டும், பொறுப்பு நாங்கள் என்று பேசி முடித்தார்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டிருந்தால் பாதிப் பேருக்குக் கிடைத்திருக்காது. அரிசி இருக்கிற வீட்டில் பிடி அரிசி வாங்கி இல்லாத வீட்டுக்குக் கொடுத்தார்கள். மேலத்தெருவுக்கு மட்டும் நல்ல இலை தருகிறேன் என்று அண்ணாச்சி ஆள்விட்டுச் சொன்னபோது யாரும் போகவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் பாட்டி, எங்கள் பாட்டி என்பதால் சொல்கிறேன், அதற்கு முன்பு கீழத்தெருவில் யார் வீட்டுப் படியும் ஏறாதவள், அந்த அக்கா வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்தாள். டம்ளரைக் கழுவப் போனபோது அந்த அக்கா வாங்கிக்கொள்ளப் பார்க்க, "விடு தாயி, நானே கழுவுதேன்" என்றாள்.

நாலாம் நாள் ஒரு பெண் பின்வாசல் வழியாக இலை வாங்கிவிட்டாள். கோபத்தில் சிலர் அவள் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடக் கிளம்பினார்கள். சித்தி தடுத்துவிட்டு, அரிசியும் இரண்டு தேங்காயும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்கள். அங்கே புருஷன் காய்ச்சலில் கிடக்கிறான், மருந்துக்குக் காசில்லை. மறுநாள் அந்தப் பெண் இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்குச் சண்டை போட்டிருந்தால் அவளோடு சேர்ந்து அவளுடைய சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் போயிருப்பார்கள்.

ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து மேனேஜர் ஜீப்பில் வந்தார். சரக்கு நின்றுவிட்டதே. பெண்கள் எல்லோரும் கடை வாசலில். சித்தி என் நோட்டை நீட்டினார்கள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இத யாரு எழுதுனது?"

"எங்க பிள்ளைங்க எழுதுச்சு. நம்பிக்கை இல்லன்னா இப்ப ஒரு கட்டு நிறுத்துப் பாருங்க சார்."

உள்ளே கொடுப்பதற்காக ஏற்கெனவே கட்டி வைத்திருந்த இலைக்கட்டு ஒன்றை எடுத்து அவரே தட்டில் வைத்தார். முள் ஆடி ஆடி நின்றது. அறுநூற்று முப்பது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

தராசு அன்றைக்கே இந்தப் பக்கம் திரும்பியது. அந்த அக்காவுக்குப் பாஸ்புக் கையில் வந்தது. பாஸ் இல்லாத பத்தொன்பது பேருக்கு இரண்டு மாதத்தில் பாஸ் போட்டார்கள். அம்மா கையெழுத்துப் போடப் பழகியது அதற்காகத்தான். நான்தான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

அந்தப் பாஸுக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். பாஸ் வந்ததால் பீடித் தொழிலாளர் அட்டை வந்தது. அட்டை வந்ததால் எனக்குப் படிப்பு உதவித்தொகை. தொகை சிறியதுதான், ஆனால் அதை நம்பி ஜூன் மாதம் கடன் வாங்க முடிந்தது, வந்ததும் அடைக்க முடிந்தது. தங்கச்சிக்கும் அப்படியே. இரண்டு பேரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனோம். 2009-ல் அம்மா பி.எஃப்.-இல் முன்பணம் எடுத்து ஓட்டு வீட்டுக்குக் காங்கிரீட் போட்டாள். 2021-ல் ஐம்பத்தெட்டு முடிந்து பென்ஷன் வருகிறது. பெரிய பணமா என்றால் இல்லை. குறைந்தபட்சப் பென்ஷன் 2014-லிருந்து ஆயிரம் ரூபாயிலேயே நிற்கிறது, அது உயர வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் தன் பெயருக்குப் பணம் வருகிற ஒரு வயதான பெண்ணை வீட்டில் நடத்துகிற விதமே வேறு. முன்னேற்றம் என்று நான் சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். எங்கள் தெருவில் இப்போது பள்ளிக்கூடம் போகுமுன் முனை மடிக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை.

இந்த உரிமைகள் எதுவும் சும்மா வந்ததில்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டது பின்னால்தான். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான தனிச் சட்டம் 1966-ல் வந்தது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, பேறுகாலச் சலுகை, வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்று கணக்கில் எடுத்தது, எல்லாம் அதில் இருந்தவை. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்னது. நல நிதிச் சட்டம் 1976, பி.எஃப். 1977. வீட்டில் சுற்றுகிறவர்களுக்குப் பி.எஃப். கிடையாது என்று மறுபடி ஒரு வழக்கு, அதுவும் 1985-ல் தொழிலாளர் பக்கம் முடிந்தது. ஒவ்வொரு வருஷத்துக்குப் பின்னாலும் பெயர் தெரியாத எத்தனையோ பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள், வேலை இழந்திருக்கிறார்கள்.

கேரளாவில் அந்த 1966 சட்டத்தை அமல்படுத்தப் போனபோது மங்களூர் கம்பெனிகள் கண்ணூர் பக்கத்துப் பீடிக் கூடங்களை மூடிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கு வேலை போனது. அவர்கள் அரசு உதவியோடு 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடி என்று சொந்தமாகக் கூட்டுறவு தொடங்கினார்கள். ஒரு காலத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். அந்தக் கூடங்களில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பாராம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம், படித்தவருக்கு நஷ்டம் வராமல் ஆளுக்குக் கொஞ்சம் பீடி கொடுத்துவிடுவார்களாம். இதைப் படித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது. எங்கள் பெண்களுக்கு அப்படி ஒரு கூடம் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு திண்ணை. சேர்ந்து நின்ற ஒரே இடம் கடை வரிசைதான், சித்தி அதைத்தான் பயன்படுத்தினார்கள். மகாராஷ்டிராவில் சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்கள் சங்கமாக நின்று பத்தாயிரம் வீடுகள் கட்டிக்கொண்டார்கள், 2006-ல் குடியேறினார்கள். குடிசையிலிருந்து சொந்த வீடு!

எங்கள் ஊரில் அப்படிப் பெரிதாக ஒன்றும் வளரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தராசு திரும்பியதும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். சந்தா கட்டவில்லை, கூட்டம் போடவில்லை, அடுத்து யார் பேசுவது என்று யாரையும் பழக்கவில்லை. எல்லாம் சித்தி பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டோம். சித்தி 2011-ல் இறந்துபோனார்கள். மூன்றே வருஷத்தில் பாஸ் இல்லாமல் பீடி போடுகிற பழக்கம் வேறு கடைகளில் திரும்பி வந்துவிட்டது. பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் போதும் என்று வாங்கிக்கொள்கிறார்கள், பின்னால் என்ன போகிறது என்பது தெரியாமல். ஒரே ஒரு ஆளை நம்பி நிற்கிற ஒற்றுமை அந்த ஆளோடு போய்விடும் என்பதை நாங்கள் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மாதம் ஐந்து ரூபாயாவது வசூல் செய்யுங்கள், பணத்துக்காக என்பதைவிட, அதற்காக மாதம் ஒருமுறை எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பீர்கள். முறையாகச் சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் இருப்பவர்களில் பத்தில் ஒரு பங்கு, அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். தனியாக முடியாவிட்டால் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் சங்கத்தில் சேர்ந்துவிடுவது சுலபம்.

இப்போது என் மேஜைக்கு வருகிற பிரச்சினைகளைச் சொல்கிறேன், பீடி மட்டும் இல்லை, பி.எஃப். பிடிக்கிற எந்த வேலைக்கும் பொருந்தும். அவசரச் செலவு வரும்போது, வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்து மொத்தப் பணத்தையும் எடுத்துவிட்டுப் பிறகு புதிதாகச் சேர்கிறார்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷச் சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை உள்ள வருஷம் போயே போய்விடும். வேறு வழியில்லாமல் எடுத்தாலும் பென்ஷன் பங்கைத் தொடாமல் ஸ்கீம் சர்டிபிகேட் (அதுவரை உள்ள சர்வீஸைக் காக்கிற சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு வருஷம் உழைத்தும் மூன்று துண்டாகி எதிலும் பத்து நிறையாமல் நின்ற ஒரு அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தது பெயர், பிறந்த தேதி. ஆதாரும் பி.எஃப். கணக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கம்பெனி இருக்கும்போதே, நாம் வேலையில் இருக்கும்போதே கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் திருத்திவிட வேண்டும், ஏனென்றால் பழைய கணக்குகளுக்கு அதில் முதலாளி தரப்புக் கையெழுத்தும் வேண்டும். அப்புறம் நாமினி பெயர். அப்புறம் வருஷாவருஷம் உயிர்வாழ் சான்று. பீடி சுற்றித் தேய்ந்த விரலில் ரேகை விழாது, பத்து விரலையும் வைத்துப் பார்ப்போம், மிஷின் ஏற்காது, எத்தனையோ பேர் அழுதுகொண்டே திரும்பிப் போயிருக்கிறார்கள். இப்போது முகத்தைக் காட்டியும் செய்யலாம், கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு உதவித்தொகை இன்னும் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தொழிற்கல்வி வரை, வருஷம் ஆயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால்தான். மறுபடி அதே பெயர், அதே கணக்கு. முன்பு பீடி மேல் வாங்கிய செஸ் (தனி வரி) பணத்தில் இந்த உதவிகள் நடந்தன, ஜி.எஸ்.டி. வந்த காலத்தையொட்டி அந்த செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். 1966 சட்டமும் 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. நிதி ஒதுக்கீடு எப்படி இருக்கிறது, பழைய உரிமைகளில் எது எப்படித் தொடர்கிறது என்பதைச் சங்கங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் இது.

பீடி உடம்புக்குக் கேடு, அந்தத் தொழில் குறைந்துகொண்டு வருகிறது, குறையவும் வேண்டும். சுற்றுகிறவர்களுக்கே இருமலும் மூச்சிரைப்பும் இருக்கிறது, அம்மா இரவில் இருமாத நாளில்லை. கண்ணூரில் தினேஷ் கூட்டுறவு குடை, உணவுப் பொருள், துணி என்று வேறு தொழில்களுக்குப் போனது. அங்கே தொழிலாளிகளின் கையில் ஒரு நிறுவனம் இருந்ததால் அந்த மாற்றத்தை அவர்களே பேசி முடிவு செய்ய முடிந்தது. எங்கள் பக்கத்தில் தொழில் போனால் ஆளுக்கு ஒரு பக்கம் சிதறிப்போவோம். என் வயசுப் பெண்கள் பலர் இப்போது தையலுக்கும் கடை வேலைக்கும் போகிறார்கள். அங்கே சேர்ந்து நிற்க ஒரு வரிசையாவது இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர்களிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்கிறேன், வேலைக்குப் போன நேரம், வந்த நேரம், பிடித்த காசு. போனில் போட்டோ எடுத்து வைத்தாலும் போதும்.

லட்சுமி அம்மாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, கம்பெனி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்களே என்று தயங்கினார்கள். இதே மாதிரிப் பெயர்க் கோளாறு உள்ளவர்கள் உங்கள் தெருவில் யாராவது இருந்தால் சேர்ந்து போங்கள் என்றேன். நேற்று மையம் திறக்க வரும்போது வாசல் படியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஏழு பேர் மடியிலும் பிளாஸ்டிக் கவர். "எங்க தெருவுல மட்டும்தான் இம்புட்டு. கீழத்தெருவுல இன்னும் கேக்கல, நாளைக்குப் போயி கேட்டுட்டு வாரேன்" என்றார்கள்.